டிஸ்க்கைப் படிக்காத பிளேஸ்டேஷன்: நாற்பது ஆண்டுப் பதில்களும் உப்புக்காற்றும்

1982 அக்டோபரில் சோனியின் முதல் சிடி பிளேயர் ஜப்பானில் கடைக்கு வந்தது. அதன்பின் பழுதுபார்ப்போர் மேசைக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது: டிஸ்க் சுற்றுகிறது, படிக்கவில்லை. பாட்டுப் பெட்டி, கணினி டிரைவ், டிவிடி பிளேயர், வீடியோ கேம் கன்சோல் எனக் கருவி மாறியதே தவிர புகார் மாறவில்லை. பதில்கள்தான் மாறின. லென்ஸைத் துடைத்தால் போதும் என்றார்கள். பிரீசெட்டைத் திருப்பு என்றார்கள். லென்ஸையே மாற்று என்றார்கள். டிஸ்க்கே வேண்டாம், எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடு என்பது இன்று ஓங்கி ஒலிக்கும் குரல்.

இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதற்குப் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ் 2) ஏற்ற கருவி. 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் வெளியாகி, 2013-இன் தொடக்கம்வரை உற்பத்தியில் இருந்தது. சோனியின் கணக்குப்படி சுமார் 16 கோடி விற்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய வீடியோ கேம் கடைகளில் ஓடியது பெரும்பாலும் இதுதான். இராமநாதபுரம் கடற்கரையிலோ, வளைகுடாவிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளிலும் இது வந்து இறங்கியது. அப்படி வந்தவற்றில் பல இன்றும் அலமாரியில் இருக்கின்றன. படிப்பதில்லை, அவ்வளவுதான்.

பழுதுநீக்கக் குறிப்புகள் பெரும்பாலும் காய்ந்த காற்றுள்ள ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் வட்டாரத்தில் அவற்றை அப்படியே பின்பற்றினால் பிழைக்கக்கூடிய கருவியும் போய்விடும். வைத்தியம் அதேதான், வரிசையை மாற்ற வேண்டும்.

படிப்பு நடக்கும் விதம்

சர்ச்சைகளுக்குள் போகுமுன் கருவி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. டிஸ்க் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் தகடு. சிடியில் தரவு லேபிளுக்குச் சற்றே கீழே இருக்கும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. தரவு நடுவில் இருக்கும். சுருள் தடத்தின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி சிடியில் 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. பிஎஸ் 2-இல் இரண்டு ஒளிமூலங்களும் உண்டு. அதனால்தான் அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சிடி விளையாட்டுகள் ஓடி, வெள்ளியாக இருக்கும் டிவிடி விளையாட்டுகள் ஓடாமல் போகின்றன; சில பெட்டிகளில் தலைகீழாகவும் நடக்கும்.

டிஸ்க் உள்ளே போனதும் பிக்கப் எனப்படும் தொகுதி தண்டவாளத்தில் நகர்ந்து மையத்துக்கு அருகே வரும். லேசர் எரியும். லென்ஸ் மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை எழும்பி, ஒளி சரியாகக் குவியும் உயரத்தைத் தேடும். குவியம் பிடித்தபின் ஸ்பிண்டில் மோட்டார் வேகம் எடுக்கும், லென்ஸ் பக்கவாட்டில் நகர்ந்து தடத்தைப் பிடிக்கும். அதன்பிறகே டிஸ்க்கின் பொருளடக்கம் படிக்கப்படும். மேல்மூடியைத் திறந்துவைத்துப் பார்க்கும் தொழில்நுட்பர் இந்த வரிசையில் எந்தப் படியில் வேலை நிற்கிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். லென்ஸ் அசையவே இல்லையா, எழுந்து எழுந்து இறங்கிவிட்டு டிஸ்க் சுற்றாமல் நிற்கிறதா, சுற்றியும் தடம் நழுவுகிறதா என்பவை மூன்று வேறு நோய்கள். மூன்றுக்கும் திரையில் வருவது ஒரே செய்திதான். பார்ப்பதாயின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்கு மங்கிய சிவப்புப் புள்ளியாகவே தெரியும்; அதன் உண்மையான வலிமை அந்த மங்கலில் தெரியாது. நேராகக் குனிந்து பார்ப்பது விழித்திரைக்கு ஆபத்து.

துடைத்தால் போதும் என்பவர்கள்

மிகப் பழைய பதில் இது. டேப் ரிக்கார்டரில் ஹெட்டைத் துடைத்துப் பழகிய கைகள் சிடி பிளேயருக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. சிறு தூரிகை ஒட்டிய லென்ஸ் கிளீனர் டிஸ்க்குகள் கடைகளில் தொங்கின. பல நேரங்களில் இது பலித்தது என்பதை மறுக்க முடியாது. பிஎஸ் 2-இன் பெரிய மாடலில் காற்றாடி முன்பக்கத்திலிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. தூசி உள்ளே சேருவது அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

இதன் குறைகள் இரண்டு. ஒன்று, பட்ஸ் எட்டுவது லென்ஸின் மேற்பரப்பை மட்டும். அதன் கீழே ஒளியைத் திருப்பும் சிறு கண்ணாடியில் படிந்த தூசி அப்படியே இருக்கும். லென்ஸ் பளபளவென்று தெரிந்தும் படிப்பு மேம்படாததற்கு இது ஒரு காரணம். இரண்டு, லென்ஸ் பிளாஸ்டிக்கால் ஆனது. மெல்லிய தாங்கிகளில் தொங்குவது. அழுத்தித் துடைத்தால் பூச்சு கீறும், லென்ஸ் ஒரு பக்கம் சாயும். தூரிகை டிஸ்க் சுழலும் வேகத்தில் லென்ஸில் அடிப்பதும் நல்லதல்ல. எனவே துடைத்தல் முதலில் செய்யத்தக்கது என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து இருக்கிறது. எதைக்கொண்டு, எப்படித் துடைப்பது என்பதில் ஒத்த கருத்து இல்லை. கடலோரத்தில் அந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிரீசெட்டைத் திருப்புவோர்

பிக்கப்பின் ஓரத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய திருகு ஒன்று இருக்கும். கடைகளில் அதைப் பிரீசெட் என்பார்கள். பெரிய பிஎஸ் 2-இன் பிக்கப்பில் சிடிக்கு ஒன்று, டிவிடிக்கு ஒன்று. மின்தடையைக் குறைக்கும் பக்கம் திருப்பினால் லேசரின் ஒளி கூடும். படிக்காத பெட்டி சட்டென்று படித்துவிடும். வாடிக்கையாளர் கண்முன்னே நடக்கும் இந்த மாற்றத்தால்தான் இந்தப் பதில் இவ்வளவு பரவியது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் படம் வேறு. லேசர் டயோடுக்குப் பக்கத்தில் ஒளியை அளக்கும் இன்னொரு டயோடு இருக்கிறது. டயோடு வயதாகி ஒளி குறையும்போது சுற்று தானாகவே மின்னோட்டத்தைக் கூட்டி அதே ஒளியைத் தக்கவைக்கும். பிரீசெட் தீர்மானிப்பது எவ்வளவு ஒளி என்ற இலக்கைத்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒளியை அளந்து தனித்தனியே அந்த இலக்கை வைத்து அனுப்புகிறார்கள். அதைக் கூட்டினால், ஏற்கெனவே திணறும் டயோடு இன்னும் கூடுதல் மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் தாங்க வேண்டியிருக்கும். ஓர் எல்லைக்குப் பின் அது லேசராக வேலை செய்வதை நிறுத்திவிடும். எல்ஈடி விளக்குபோல வெறும் சிவப்பாக ஒளிரும், எதையும் படிக்காது.

திருப்புவோரின் வாதத்தை முழுதாக ஒதுக்கவும் முடியவில்லை. புதிய அசல் பிக்கப் கிடைக்காத காலத்தில், சாகப்போகும் டயோடிலிருந்து இன்னும் சில மாதங்களைப் பெறுவதும் ஒரு சேவைதான் என்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால் தூசியையும் கேபிளையும் தண்டவாளத்தையும் பார்க்காமல் முதல் வேலையாகத் திருப்புவதை எந்த நியாயமும் தாங்காது. தொழிற்சாலை வைத்த மதிப்பு அந்த ஒரு திருகில் மட்டும்தான் இருக்கிறது. குறித்து வைக்காமல் திருப்பினால் அது போனது போனதுதான். மல்டிமீட்டரில் ஓம் மதிப்பை எடுத்துத் தாளில் எழுதி, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தொடுவது, தொட்டே ஆகவேண்டுமானால், குறைந்தபட்ச ஒழுக்கம்.

கோளாறு ஒளியில் இல்லை என்போர்

இவர்கள் முதல் பிளேஸ்டேஷனின் அனுபவத்திலிருந்து வந்தவர்கள். 1994 டிசம்பரில் வந்த அந்தக் கருவியின் தொடக்க மாடல்களில் பிக்கப் பிளாஸ்டிக் தண்டவாளத்தில் ஓடியது. மின்வழங்கியின் சூடும் அருகிலேயே இருந்தது. தேய்ந்து, கோணி, பிக்கப் சரிந்தது. உலகம் முழுவதும் சிறுவர்கள் பெட்டியைக் கவிழ்த்துவைத்தோ பக்கவாட்டில் நிறுத்தியோ விளையாடினார்கள், அது பலித்தது. லேசர் கெடவில்லை, சாய்வுதான் கெட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பின்னர் வந்த மாடல்களில் சோனி இந்த அமைப்பை மாற்றியது.

பிஎஸ் 2-இல் இந்தக் கட்சிக்கு வேறு சான்றுகள் உண்டு. பெரிய மாடலில் தண்டவாளத்தின் உயரத்தையும் சாய்வையும் மாற்றும் வெள்ளைப் பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. அது ஒரு பல் நகர்ந்தாலே சில டிஸ்க்குகள் ஓடாமல் போகும். பழைய கிரீஸ் பிசினாக இறுகினால் டிஸ்க்கின் மையப் பகுதி படித்து ஓரப் பகுதி படிக்காது. விளையாட்டு நடுவழியில், எப்போதும் ஒரே காட்சியில் உறைந்து நிற்கும். மெலிந்த மாடல்கள் சிலவற்றில் ரிப்பன் கேபிள் மேலெழுந்து டிஸ்க்கின் அடியில் வட்டமாகக் கீறியது. இன்னும் சில பலகைகளில் மோட்டாரை இயக்கும் சிப் பழுதாகி லென்ஸின் காயிலையே எரித்துவிட்டது. அங்கே புதிய பிக்கப் போட்டாலும் அதுவும் எரியும். அமெரிக்காவில் பிஎஸ் 2-இன் டிஸ்க் படிப்புக் கோளாறு குறித்துக் குழு வழக்கே நடந்து, சோனி சமரசத்துக்கு வந்தது.

இந்தப் பதிலின் பலவீனம் நேரம். கழற்றி, கழுவி, புது கிரீஸ் இட்டு, உயரத்தைச் சோதித்துப் பூட்ட ஒரு பிற்பகல் ஆகும். வாடிக்கையாளர் தரத் தயாராக இருக்கும் கூலி அதைத் தாங்காது. பிரீசெட் வெல்வது பெரும்பாலும் இங்கேதான்.

டிஸ்க்கின் மேல் பழி

ஊரில் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை ஒன்று: காப்பி டிஸ்க் போட்டால் லென்ஸ் போய்விடும். காப்பி டிஸ்க்கை ஓடவைக்கும் மோட் சிப் வைத்த பெட்டிகளில் எழுதிய டிவிடிகளே ஓடிய காலத்தில் இதைச் சொல்லாத கடைக்காரர் அரிது. இதில் பாதி உண்மை இருக்கிறது. எழுதும் டிஸ்க்கில் தரவைத் தாங்குவது கரிமச் சாயம். ஒளி, வெப்பம், ஈரம் ஆகிய மூன்றுமே அதைக் கெடுக்கும். அதிலிருந்து திரும்பும் ஒளி அச்சிட்ட டிஸ்க்கிலிருந்து வருவதைப்போல் தெளிவாக இருப்பதில்லை. ஆனால் திரும்பும் ஒளி குறைந்ததற்காக லேசர் கூடுதலாக எரிவதில்லை. கூடுவது திரும்பிவந்த சமிக்ஞையைப் பெருக்கும் அளவுதான். எனவே டயோடு தேய்கிறது என்ற விளக்கம் நிற்காது. குவியமும் தடமும் பிடிபடாமல் லென்ஸ் மீண்டும் மீண்டும் தேடுவதால் காயிலும் மோட்டாரும் கூடுதலாக உழைக்கின்றன என்பது ஏற்கத்தக்கது.

அதே காரணத்தால் அசல் டிஸ்க்கிலும் வேறுபாடு உண்டு. ஒற்றை அடுக்கு டிவிடி தன்மேல் விழும் ஒளியில் 45 முதல் 85 விழுக்காட்டைத் திருப்பும். இரட்டை அடுக்கு டிவிடி 18 முதல் 30 விழுக்காடுதான். 2007-இல் வந்த ‘காட் ஆஃப் வார் 2’ இரட்டை அடுக்கு. தளர்ந்த பிக்கப் முதலில் கைவிடுவது இதுபோன்ற டிஸ்க்கைத்தான். பெட்டியைச் சோதிக்கும்போது எந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தோம் என்று எழுதிவைக்காவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லை.

கீறல்களைப் பற்றியும் ஒரு சொல். சிடியின் பிழைதிருத்த முறை தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர்வரை தொடர்ந்து அழிந்த தரவை மீட்கும். மையத்திலிருந்து விளிம்புக்குச் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துண்டையே அழிப்பதால் மன்னிக்கப்படும். தடத்தோடு வளைந்து ஓடும் கீறலுக்கு மன்னிப்பில்லை. டிஸ்க்கை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்பது இதனால்தான். பற்பசை போட்டுத் தேய்ப்பது ஆழமில்லாத கீறலை மழுக்கலாம். புதுக் கீறல்களையும் போடலாம்.

லென்ஸ் மாற்றுதல்

சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ புதிய பிக்கப் தருவித்துப் போடுவது மிகத் தெளிவான தீர்வுபோலத் தெரியும். சோனி பிஎஸ் 2 தயாரிப்பை நிறுத்திப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று புதிது என்று வருபவை பழைய இருப்பு, நகல் தயாரிப்பு, பழைய பெட்டிகளிலிருந்து கழற்றித் துடைத்தவை எனக் கலந்து வருகின்றன. உறையைப் பார்த்துப் பிரித்தறிய முடிவதில்லை. கழற்றித் துடைத்தவற்றில் பிரீசெட் ஏற்கெனவே திருப்பப்பட்டிருந்தால் வாங்குபவர் பணம் கொடுத்து வாங்குவது ஒரு முதியவரின் கடைசி மூச்சை.

பொருத்தும்போது நடக்கும் பிழை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நிலைமின்சாரம் டயோடைக் கொல்லாதிருக்கப் பல புதிய பிக்கப்களில் இரண்டு புள்ளிகளை ஈயம் வைத்து இணைத்தே அனுப்புகிறார்கள். கேபிளைச் செருகியபின் அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. நல்ல பிக்கப்பைக் கெட்டது என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். கேபிளைச் செருகுமுன்பே எடுத்தால், கையின் நிலைமின்சாரமே அதை முடித்துவிடக்கூடும்.

2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம், வேளாண் கருவி ஆகியவை அதன் முதன்மைத் துறைகள். உற்பத்தி நின்றுபோன கருவிகளுக்கு உதிரிபாகமும் சர்வீஸ் கையேடும் கிடைக்க அது வழிசெய்யும் நாள் வந்தால் இந்தப் பகுதியைத் திருத்தி எழுதலாம்.

உப்புக்காற்று மாற்றும் கணக்கு

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று பார்க்கும் சோதனை மையத்தை மண்டபத்தில் வைத்திருக்கிறது. இந்தக் கரையின் காற்று உலோகத்தை எப்படித் தின்னும் என்பது பாலம் கட்டுவோருக்குத் தெரிந்த செய்தி. வீட்டுக்குள் இருக்கும் மின்னணுக் கருவிகளின் பழுதுநீக்கத்தில் அது இன்னும் நுழையவில்லை.

கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பக்கமிருந்தும், வாடை வீசும் மாதங்களில் வடகடல் பக்கமிருந்தும் உப்புத் துளிகள் காற்றில் ஏறி வருகின்றன. கரையிலிருந்து உள்ளே போகப்போக அவை விரைந்து குறையும். ஆனால் பாம்பன் தீவில் கரையிலிருந்து வெகுதூரம் என்று சொல்லத்தக்க வீடு அதிகம் இல்லை. சோடியம் குளோரைடு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ சுமார் 33 விழுக்காட்டிலேயே ஈரம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கன்சோலுக்குள் படிந்த உப்பு நாளின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கிறது. பெட்டி சூடேறி உள்காற்று காயும்போது படிகமாகிறது. அணைத்தபின் மறுபடி கரைகிறது.

இதன் விளைவுகளை உறுப்பு உறுப்பாகப் பார்க்கலாம். முதலில் லென்ஸ். அதன்மேல் இருப்பது வெறும் தூசியாக இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (ஐ.பி.ஏ.) போதும். உப்புப் படலமாக இருந்தால் ஐ.பி.ஏ. உதவாது, சமையலுப்பு அதில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. ஐ.பி.ஏ. தொட்ட பட்ஸால் தேய்க்கும்போது கரையாத படிகங்கள் பிளாஸ்டிக்கின் மேல் இழுபடுகின்றன. கைபேசிக் கடையில் பலிக்கும் அதே வைத்தியம் இங்கே கீறல் போடுகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் பட்ஸை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, லென்ஸின்மேல் சில விநாடி அழுத்தாமல் ஒற்றி, உப்பைக் கரையவிட்டு எடுத்து, இன்னொரு புதிய பட்ஸால் மறுபடி ஒற்றி, கடைசியாக ஈரத்தைப் போக்க மட்டும் ஐ.பி.ஏ. தொடுவதுதான் கடலோரத்துக்கு ஏற்ற வரிசை. கிணற்று நீரோ குழாய் நீரோ கூடாது. அவை காய்ந்தால் தம் உப்பை அங்கேயே விட்டுவிடும்.

அடுத்தது தண்டவாளம். பிக்கப் வழுக்கிச் செல்லும் எஃகுக் கம்பிகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் ஓரப் பகுதி படிக்காததற்குக் காரணம் அங்கே இருக்கலாம். மூன்றாவது ரிப்பன் கேபிள். அதன் நுனியிலும் செருகும் சாக்கெட்டிலும் பச்சை படிந்தாலோ மங்கினாலோ, நுண்ணிய சமிக்ஞைகள் அடுத்த கம்பிக்குக் கசியும். ஒரு நாள் படித்து மறுநாள் படிக்காத பெட்டி, மழை நாளில் மட்டும் மக்கர் பண்ணும் பெட்டி ஆகியவற்றில் இந்த இணைப்புகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவதாகத்தான் பிரீசெட் வருகிறது. அதுவும் திறந்த உலோகத் தொடுமுனை, காற்றில் அரிக்கக்கூடியது. அரித்த தொடுமுனையில் மின்தடை நிலையாக இராது. அப்படியானால், கடலோரத்தில் பிரீசெட்டைத் திருப்பியதும் படித்துவிடும் பெட்டிகள் சிலவற்றில் நோயைத் தீர்த்தது ஒளி கூடியதா, அல்லது திருப்பும்போது தொடுமுனையின் அழுக்கு உராய்ந்து அகன்றதா? பின்னதுதான் என்றால், சற்று முன்னும் பின்னும் அசைத்து, எழுதிவைத்த பழைய மதிப்புக்கே கொண்டுவந்து நிறுத்தினால் போதும். இரு விளக்கங்களும் சாத்தியமானவை. பழைய மதிப்பைக் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாததால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. இந்தக் கரையில் பழுதுபார்க்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு எண்ணை எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் ஊருக்கே உரிய அறிவு ஒன்று திரளும். இதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

டிஸ்க்கை விட்டு விலகுதல்

பெரிய மாடலில் நெட்வொர்க் அடாப்டர் வழியாக ஹார்ட் டிஸ்க் பொருத்தலாம். நினைவக அட்டையில் ஏற்றிய ஃப்ரீ மெக்பூட், ஓப்பன் பிஎஸ்2 லோடர் போன்ற மென்பொருள்கள் விளையாட்டை அதிலிருந்து ஓட்டும். மெலிந்த மாடலில் யுஎஸ்பி வழியாகவும் ஓட்டலாம், ஆனால் அது நொடிக்கு 12 மெகாபிட் வேகமுள்ள பழைய யுஎஸ்பி. காட்சிப் படங்கள் திக்கும். முதல் பிளேஸ்டேஷனுக்கு எக்ஸ்ஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட்டுக்கு ஜிடிஈஎம்யு என்று டிரைவுக்குப் பதிலாக வைக்கும் பலகைகள் வந்துவிட்டன. உப்புக்காற்றுள்ள ஊரில், நகரும் உறுப்பு எதுவும் இல்லாத தீர்வுக்கு இருக்கும் ஈர்ப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பும் உண்டு. அசல் கருவியின் உயிர் அதன் டிரைவில் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் மிஞ்சுவது கூடு என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். இந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் ஓடாத அசலைவிட ஓடும் கூடு மேல் என்று கருதுகிறேன். அதைவிடக் கனமான கேள்வி சட்டத்தினுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் தற்காலிகப் பாதுகாப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012 திருத்தம் சேர்த்த 65-அ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. தன் சொந்த டிஸ்க் அழிவதற்குள் அதை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுபவர் முதல் பிரிவின் நிழலில் நிற்கிறார் என்று வாதிடலாம். இணையத்தில் கிடைத்ததை இறக்கிக்கொள்பவருக்கு அந்த நிழல் இல்லை.

பிரதி எடுப்பதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2009-இல் ஐதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’, அதே காலத்தில் வந்த ‘தேசி அட்டா’ போன்றவை இந்தியச் சந்தைக்கெனவே பிஎஸ் 2-இல் வெளியானவை. உலகப் புகழ்பெற்ற விளையாட்டுகளை எங்கோ யாரோ பாதுகாப்பார்கள். இவற்றைப் பாதுகாக்க வேண்டியவர்கள் நாம்தான், அதற்குப் படிக்கும் டிரைவ் ஒன்றாவது வேண்டும். டிஸ்க்கை விட்டு விலகும் பதிலும் ஒருமுறையேனும் நன்றாகப் படிக்கும் லென்ஸை நம்பித்தான் இருக்கிறது.

தீராதவை

இப்போதைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை இவை. எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. எந்தப் படியில் படிப்பு நிற்கிறது என்ற கவனிப்பு எந்த வைத்தியத்துக்கும் முந்தியது. கடலோரத்தில் நீரால் உப்பை நீக்குதல், கேபிள் முனை, தண்டவாளம் ஆகியவற்றுக்குப் பிறகே பிரீசெட்டின் முறை வர வேண்டும். காப்பி டிஸ்க் டயோடைத் தின்கிறது என்ற விளக்கத்தைக் கைவிடலாம்.

மீதி திறந்தே இருக்கிறது. வீட்டுக்குள், காற்றாடி வழியாக நுழையும் உப்பின் அளவு வெளிச்சுவரில் தொங்கவிட்ட உலோகத் தகடு காட்டும் அளவிலிருந்து எவ்வளவு வேறுபடும்? சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் எத்தனை ஆண்டு கூடும்? கருவியின் முன்பக்கம் மெல்லிய வடிகட்டி வைத்தால் உப்பு குறையும், காற்றோட்டமும் குறைந்து டயோடு சூடாகும். இவ்விரண்டில் எது கூடுதல் கேடு? மூன்றையும் மண்டபத்தில் இரண்டு பழைய பெட்டிகளை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஒரு பிக்கப்பில் இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று அதைக் கெடுக்காமல் சொல்வது. சோனியின் பல சிடி பிக்கப்களில், தொழிற்சாலையில் லேசர் எடுத்துக்கொண்ட மின்னோட்டத்தின் அளவு சிறு ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். இன்று அதே லேசர் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக எடுத்தால் டயோடு மூப்படைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒட்டுத்தாள் இல்லாத பிக்கப்புக்கும், ஒட்டுத்தாள் ஈரத்தில் அழிந்துபோன பிக்கப்புக்கும், பிரீசெட் ஏற்கெனவே யாராலோ திருப்பப்பட்ட பிக்கப்புக்கும் இந்த வழி மூடியிருக்கிறது. கரையோரக் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் மூன்றாவது வகை.